மொனிட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது

2024 ஆடி மாதம், இரவு ஏழரை மணியிருக்கும். கச்சான் மூன்றாவது கிழமையாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் என்றதும் கடலைச் சுருளை நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு எங்கள் பக்கம் வரும். அந்தக் காய்ந்த, சுடுகிற காற்றுக்குத்தான் மட்டக்களப்பில் கச்சான் என்று பேர். வைகாசியில் தொடங்கினால் ஆவணி வரை இழுக்கும். கொடியில் போட்ட சாரன் கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மனிசனும் அப்படித்தான்.

கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து கொம்பியூட்டரில் கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு முழு நகரத்தையே உள்ளே வைத்திருக்கிற பெரிய கேம். காரைத் திருப்பி மெயின் வீதிக்கு ஏற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நீலத் திரை வரவில்லை, படம் உறையவில்லை, முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் இருந்த ஃபேன்கள் சுற்றிச் சுற்றி நின்றன. மொனிட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. 'சிக்னல் இல்லை' என்ற சின்னச் சதுரம் ஒன்று கறுப்புத் திரையில் அங்குமிங்கும் மிதந்தது.

அந்தச் சதுரத்தை நான் அன்றைக்கே மனதில் குறித்திருக்க வேண்டும். அதன் அர்த்தம் விளங்க ஒரு மாதம் போனது.

குசினியிலிருந்து அம்மா ஓடிவந்தார். "மெயின்ல நிப்பாட்டு மனே, பத்திப்போடும்." சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பப் போட்டேன். ஒன்றுமே நடக்காததுபோல் எழும்பிவிட்டது. மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் விழுந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு தரம்.

இந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். 2019 இல் இதைக் கட்டினேன். ரைசன் 5 3600 ப்ரோசஸர், கையில் மிஞ்சிய காசுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்கிற கிராபிக்ஸ் கார்ட், திரையில் படத்தை வரைவது அதுதான். அந்தக் கார்ட் 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். தனி வயர்கூடக் கேட்காது, மதர்போர்டில் செருகினால் போதும். சுவர்க் கரண்டை உள்ளே இருக்கிறவற்றுக்கு ஏற்றமாதிரி மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளையை வாங்கும்போது கடைக்காரர் "600 வாட் இருக்கு, எதிர்காலத்துக்கும் காணும்" என்றார். கறுப்புப் பெட்டி, பெரிய எழுத்தில் 600. விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது. வாங்கினேன்.

எதிர்காலம் 2022 ஆக வந்தது. மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையின் போக்குக்கு விட்டார்கள். 200 ரூபாயில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து, போய், வந்து, போய். அந்த நாட்களில் கேம் விளையாடினேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கரண்ட் வருகிற நேரத்தில் போன் சார்ஜ் போடுவதும் கொம்பியூட்டரை எழுப்புவதும்தான் எங்கள் வீட்டில் முதல் வேலை. அந்த வருடம் செப்டம்பர் 15 ஆம் திகதி எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தான் இயங்கும் முறையை மாற்றியது. கிராபிக்ஸ் கார்ட்டுகளை இரவு பகலாகக் கணக்குப் போடவைத்து அந்த நாணயத்தைச் சம்பாதித்தவர்களுக்கு, அதாவது மைனிங் செய்தவர்களுக்கு, அன்றோடு தொழில் இல்லாமல் போனது. உலகம் முழுக்கப் பழைய கார்ட்டுகள் சந்தைக்கு வந்தன. அதில் ஒன்று 2023 இல் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது: ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ. 200 வாட் இழுக்கிற கார்ட். அதற்கு 600 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே எழுதி வைத்திருக்கிறது. என்னிடம் 600 இருந்தது. கணக்குச் சரி.

ஒரு வருடத்துக்கு மேல் ஒரு பிரச்சினையும் இல்லை. அதனால்தான் இந்த வியாதி வந்தபோது பவர் சப்ளையின் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு வருடம் சுமந்தவன் இன்றைக்கு ஏன் கீழே போடப்போகிறான் என்ற எண்ணம். கச்சானும் கூடவே அடித்ததால் குற்றவாளியைத் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சூடு. வேறென்ன?

பக்கத்து மூடியைக் கழற்றினேன். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம். இந்தப் பக்கத்துத் தூசு மற்ற ஊர்த் தூசு மாதிரி இல்லை. உப்பு ஈரத்தில் ஊறி, பசைபோட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, பிரஷ் வைத்துச் சுரண்டவேண்டும். ப்ரோசஸரின் சூட்டை இறக்குகிற ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துணியே நெய்யப்பட்டிருந்தது. ஸ்குரூக்களின் தலையில் துரு. அடியில், பவர் சப்ளைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் இரண்டு பல்லி முட்டைக் கோதுகள், வெள்ளையாக, உடைந்தபடி. குஞ்சுகள் பொரித்துப் போயிருந்தன. 3060 டிஐயின் கதகதப்பில் வளர்ந்த குடும்பம்.

அரை நாள் துப்புரவு. ப்ரோசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துகிற பழைய பேஸ்ட் சுண்ணாம்புபோல் காய்ந்திருந்தது. துடைத்துப் புதிதாகப் பூசினேன். சூடு 84 இலிருந்து 71 க்கு இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மைத்துனனுக்குப் போன் எடுத்து, "பிரச்சினையைக் கண்டுபிடிச்சிட்டன்" என்றும் சொல்லிவிட்டேன்.

இரவு ஏழு நாற்பதுக்கு 'டிக்'.

விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தால் சிவப்பாக ஒரு வரி இருந்தது: கேர்னல் பவர், இலக்கம் 41. தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள்: டிரைவரை மாற்று, விண்டோஸைத் திரும்பப் போடு, ராமைக் கழற்றிப் பூட்டு. உண்மையில் அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'நான் ஒழுங்காக அணைக்கப்படவில்லை.' மயங்கி விழுந்தவன் எழும்பி உட்கார்ந்து, "நான் விழுந்திட்டன் போல" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படியொரு தகவல். அதற்குள் பக்செக் என்று ஒரு எண் இருக்கும். அது 0 என்றால், விண்டோஸுக்குத் தன் சாவைப் பதிவுசெய்ய நேரமே கிடைக்கவில்லை என்று பொருள். டிரைவரோ ராமோ குழப்பினால் பெரும்பாலும் நீலத் திரை வந்து ஏதாவது எண்ணை விட்டுச் செல்லும். எனக்கு எல்லா வரியிலும் 0. கீழே இருந்து கம்பளத்தை உருவினமாதிரித்தான் இது நடக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. அந்த நேரத்தில் நான் அந்தச் சாட்சியைக் கேட்கவில்லை. விண்டோஸைத் திரும்பப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க.

அப்புறம் கார்ட்டின் மேல் சந்தேகம். மைனிங் கார்ட் அல்லவா, எத்தனை மாதம் இரவு பகலாக ஓடியதோ. ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் போட்டு கார்ட்டை மட்டும் முழு மூச்சாக ஓடவிட்டேன். இருபது நிமிடம், ஆடாமல் அசையாமல் நின்றது. ப்ரோசஸருக்கு சினிபெஞ்ச். அதுவும் நின்றது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் உத்தமர்கள். வாலோரண்ட் போன்ற இலேசான கேம் நாலு மணித்தியாலம் விளையாடினாலும் ஒன்றும் இல்லை. பெரிய கேம், அதுவும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சட்டென்று போகும்போதுதான் விழுகிறது.

தெரிந்தவர்கள் எல்லாரும் யூபிஎஸ் வாங்கச் சொன்னார்கள், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிற பற்றரிப் பெட்டி. எங்கள் ஊரில் எந்த மின்சாதனம் படுத்தாலும் முதலில் திட்டு வாங்குவது கரண்ட்தான், மருந்து யூபிஎஸ்தான். வாங்கக் கிட்டத்தட்டப் போய்விட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது 650 விஏ என்று முன்னால் பெரிதாகவும், 360 வாட் என்று பின்னால் சின்னதாகவும் இருந்தது. விஏ வேறு, வாட் வேறு. பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கிற எண்ணுக்கும் பின்பக்கத்தில் இருக்கிற எண்ணுக்கும் இடையில் ஒரு வியாபாரம் நடக்கிறது என்பது அப்போதுதான் முதல்தரம் தலையில் பட்டது. ஆனாலும் அந்தப் புத்தியை என் வீட்டுக்குள் இருந்த பெட்டிக்குப் பொருத்திப் பார்க்க இன்னும் ஒருவர் தேவைப்பட்டார்.

காத்தான்குடியில் ஒரு காக்கா இருக்கிறார் (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்). ரேடியோ காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். ரீவி, இன்வேட்டர், மோட்டர் சைக்கிள் சார்ஜர், எல்லாம் பார்ப்பார். கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துக் கதையை ஆரம்பித்தேன்: சூடு, பேஸ்ட், விண்டோஸ், மைனிங். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, அது எப்படிச் செத்த எண்டு சொல்லுங்க முதல்ல. என்னத்தால செத்த எண்டு மறுகா பாப்பம்."

எனக்கு விளங்கவில்லை. அவரே கேட்டார். சாகும்போது மொனிட்டர் லைட் இருக்கா? இருக்கு. ரவுட்டர்? அதுவும் இருக்கு. அப்படியென்றால் வீட்டுக் கரண்ட் போகவில்லை, பெட்டிக்குள்தான் விஷயம். தானாகத் திரும்ப எழும்புதா? இல்லை. செத்த உடனே முன்னால் இருக்கிற பட்டனை அமத்தினால் எழும்புதா?

அங்கேதான் மாட்டினேன். எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தரமும் அம்மாவுக்குப் பயந்து சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அப்படி அணைத்ததில் தடயத்தையும் சேர்த்து அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் விளக்கினார். பவர் சப்ளைக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். அளவுக்கு மேல் இழுத்தாலோ, வோல்ட் தாழ்ந்துவிட்டாலோ, உள்ளே எங்காவது ஷோர்ட் ஆனாலோ அவன் கதவைச் சாத்திவிடுவான். சாத்தினால் சாத்தினதுதான். முன் பட்டனை எத்தனை தரம் அமத்தினாலும் திறக்கமாட்டான். மெயினை அணைத்து, உள்ளே மிஞ்சியிருக்கிற கரண்ட் வடிந்து, திரும்பப் போட்டால்தான் பூட்டு விடும். ப்ரோசஸர் சூடேறினால் கதை வேறு. முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், படம் இழுபடும், கேம் நொண்டும். 3600 என்றால் 95 பாகை அதன் எல்லை. அதுவும் கைகொடுக்காமல் சூடு எக்கச்சக்கமாகப் போனால்தான் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 71 பாகையில் நொண்டாமல் கொள்ளாமல் ஒரு ப்ரோசஸர் சாவதற்கு நியாயம் இல்லை.

"அப்ப சூடில்லையா காக்கா?"

"நான் அப்படிச் சொல்லல்ல. சூடும் வாட்டும் ஒண்டாத்தான் வரும். ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க."

இவ்வளவு நாளும் நான் செய்த ஒவ்வொரு சோதனையிலும் சூடும் வாட்டும் கைகோத்துக்கொண்டுதான் வந்தன. கேம் ஓடினால் வாட் ஏறும், வாட் ஏறினால் சூடு ஏறும், பெட்டி விழும். எது தள்ளியது என்று எப்படித் தெரியும்? கார்ட்டின் வாட் அளவைக் குறைத்தால் விழாது என்று இணையத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், குறைத்தேன், விழவில்லை. ஆனால் வாட் குறைந்தால் சூடும் குறையுமே. அதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க ஒண்ணாது.

வீட்டுக்கு வந்து இரண்டு சோதனை செய்தேன். இந்த முழுக் கதையிலும் நான் புத்தியோடு செய்தது இந்த இரண்டையும்தான்.

முதலாவது, வாட் இல்லாத சூடு. மத்தியானம் ஒரு மணி, கச்சான் உச்சத்தில், அறைக்குள் 36 பாகை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் கார்ட்டை 55 வீதத்துக்கு மட்டுப்படுத்தினேன், அதாவது 110 வாட். கார்ட்டின் ஃபேனைக் கையால் மெதுவாக்கினேன். பெட்டியின் முன்பக்கத்தை ஒரு குளிக்கிற துவாயால் மூடினேன். கேமைப் போட்டேன். கார்ட் 60, 70, 78 என்று ஏறி 82 பாகையில் போய் நின்றது. கையை வைத்தால் பெட்டியின் மேல்தகடு சுட்டது. நாற்பது நிமிடம் விளையாடினேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது, அது அசையவில்லை.

இரண்டாவது, சூடு இல்லாத வாட். விடியற்காலை ஐந்தரை. வாவிப் பக்கமிருந்து கொஞ்சம் குளிர். பக்கத்து மூடியைக் கழற்றி, மேசைக் காற்றாடியை நேரே உள்ளே திருப்பிவிட்டேன். மட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். ஓசிசிடி என்ற மென்பொருளில் பவர் என்று ஒரு சோதனை இருக்கிறது. கார்ட்டையும் ப்ரோசஸரையும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் ஓடவைக்கும். தொடங்கினேன். திரையின் மூலையில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இன்னொரு மென்பொருள் சூட்டின் எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. கார்ட் 44 பாகை, 47, 50.

'டிக்.'

52 ஐக்கூட அது தொடவில்லை. இந்தத் தரம் சுவர் சுவிட்சில் கைவைக்கவில்லை. முன் பட்டனை அமத்தினேன். ஒன்றும் இல்லை. திரும்ப அமத்தினேன். இல்லை. மொனிட்டரில் அந்தச் சின்னச் சதுரம் மிதந்துகொண்டிருந்தது. பவர் சப்ளையின் பின்சுவிட்சை அணைத்து, முப்பது வரை எண்ணி, போட்டு, அமத்தினேன். எழும்பியது.

அப்போதுதான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு நிலத்தில் படுத்து, ஐந்து வருடமாகப் படிக்காத அந்த ஸ்டிக்கரைப் படித்தேன். மேலே 600 வாட். கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். 3.3 வோல்டுக்கு இத்தனை அம்பியர், 5 வோல்டுக்கு இத்தனை அம்பியர், 12 வோல்டுக்கு 25 அம்பியர். 12 ஐயும் 25 ஐயும் பெருக்கினால் 300. அவ்வளவுதான். இந்தக் காலத்து ப்ரோசஸரும் கார்ட்டும் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்டில்தான். 3.3 லும் 5 லும் எவ்வளவு வைத்திருந்தாலும் அது இவர்களுக்குப் போகாது. இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய கொம்பியூட்டர்கள் 5 வோல்டில்தான் கூட இழுத்தன. அந்தக் காலத்துப் பங்கீட்டை வைத்துக்கொண்டு, எல்லாக் கட்டத்தையும் தாராளமாகக் கூட்டி, மேலே 600 என்று அடித்திருக்கிறார்கள். பொய் என்றும் சொல்லமுடியாது. பத்துப் பேர் இருக்கலாம் என்று சொல்லி, அதில் ஐந்து கதிரையைக் குசினியில் போட்ட கல்யாண வீடு.

என் பக்கத்துச் செலவு: கார்ட் 200, ப்ரோசஸர் முழு வீச்சில் 88. சேர்த்தால் 288. ஃபேன், மதர்போர்ட், டிஸ்க் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 12 வாட். அதுவும் சராசரிக் கணக்கு. 3060 டிஐ தலைமுறைக் கார்ட்டுகள் மில்லிசெக்கன் அளவு நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டிப் பாய்வதில் பேர்போனவை. 200 என்று எழுதியது ஒரு கண் வெட்டில் 300 ஐத் தொட்டுவிட்டு வரும். திரையில் எண் காட்டுகிற மென்பொருள் இரண்டு செக்கனுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது; இந்தப் பாய்ச்சல் அதன் கண்ணில் படாது, காவல்காரனின் கண்ணில் படும். ஃபர்மார்க்கில் விழாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது ஒரே சீராக இழுக்கிறது, ப்ரோசஸரும் சும்மா இருக்கிறது. கேம் அப்படியில்லை. காரைத் திருப்பினால் ஒரு நகரமே திடீரென்று வரவேண்டும்.

அப்படியென்றால் முதல் ஒரு வருடம் எப்படித் தாங்கியது? காக்கா மல்டிமீற்றரோடு வீட்டுக்கே வந்தார். டிஸ்குக்குப் போகிற பழைய வகை நாலு பின் இணைப்பில், மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் முனைகளைச் செருகினார். சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட். கேமைப் போட்டேன். 11.8. நகரத்துக்குள் போனேன். 11.5, 11.6, 11.47. மீற்றரின் கடைசி இலக்கம் நிற்காமல் துடித்தது. 12 வோல்டில் 5 வீதம் கீழே போகலாம், அதாவது 11.4 வரை. அதன் விளிம்பில் நின்று ஆடிக்கொண்டிருந்தது என் 600 வாட்.

"கொண்டன்சர் கிழடாப்போன தம்பி," என்றார். கபாசிட்டருக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வது கொண்டன்சர்தான். சூட்டில் அது காயும். காய்ந்தால் தாங்கும் சக்தி குறையும். புதிதில் கையைக் கடித்துக்கொண்டு சமாளித்தது, ஐந்து கச்சானுக்குப் பிறகு கைவிட்டுவிட்டது. ஆக, சூட்டின் மேல் நான் போட்ட பழி முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அது அன்றைய இரவின் சூடு இல்லை, ஐந்து வருடத்துச் சூடு. பின்பக்கத்தில் இருந்த சின்னச் சிவப்புச் சுவிட்சையும் காட்டினார். 115, 230 என்று மாற்றுகிற சுவிட்ச். இந்தச் சுவிட்ச் உள்ள பவர் சப்ளை பெரும்பாலும் பழைய அமைப்பு, சுவரில் வோல்ட் தாழ்ந்தால் உள்ளேயும் தாழும். நல்ல புதியவற்றில் இந்தச் சுவிட்ச் இருக்காது. 100 இலிருந்து 240 வரை எது வந்தாலும் தானே சமாளிக்கும். (சிவப்புச் சுவிட்ச் இருந்தால் விளையாட்டுக்கும் 115 க்குத் தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டுக் கரண்டில் வெடிக்கும்.)

ஆனாலும் புதிதுக்குக் காசைக் கொடுக்குமுன் வேறொரு பவர் சப்ளையைப் பூட்டிப் பார்ப்பது நல்லது. கல்முனையில் மாமா மகனிடம் நல்ல 650 வாட் ஒன்று இருந்தது. சனிக்கிழமை பஸ் ஏறினேன். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போகிற பஸ். அவன் தன் கொம்பியூட்டரைக் கழற்றிக் கொடுத்தது பெரிய விஷயம். ஒரு கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும் என்று மாமியின் முன்னால் வாக்கு வாங்கிக்கொண்டான். மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் அம்மாவின் குசினித் தராசில் இரண்டையும் மாறி மாறி வைத்தோம். என்னுடையது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவனுடையது அதைப்போல் இரண்டு மடங்கு. அதன் ஸ்டிக்கரில் 12 வோல்டுக்கு 54 அம்பியர். பெருக்கினால் 648. முன்னால் 650, பின்னால் 648. நேர்மையான பெட்டி.

பூட்டினேன். ஓசிசிடி அரை மணித்தியாலம் ஓடியது. கேம் மூன்று இரவு ஓடியது. மைத்துனனுக்குத் திரும்பவும் போன் எடுத்தேன். இந்தத் தரம் அவன் சிரித்தான், நம்பவில்லை.

அவன் நம்பாதது சரிதான். நாலாம் நாள், இரவு ஏழு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, திரும்ப நின்றது.

எனக்கு அழுகை வராத குறை. கல்முனைக்காரனின் பவர் சப்ளையையும் எரித்துவிட்டேனோ என்று கைகால் நடுங்கியது. கதிரையில் அப்படியே இருந்தேன். அப்புறம்தான் காக்கா கேட்ட முதல் கேள்வி ஞாபகம் வந்தது. எப்படிச் செத்த?

மொனிட்டர் இருட்டாக இருந்தது. சதுரம் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தயாரிப்பாளரின் சின்னத்தோடு அது திரும்ப எழும்பியது. ரவுட்டர் வேறு சுவரில், அது எரிந்துகொண்டிருந்தது. முன் பட்டனை அமத்தினேன், கொம்பியூட்டர் உடனே எழும்பியது. காவல்காரன் கதவைச் சாத்தவில்லை. யாரோ வெளியே இருந்து ஒரு கணம் கரண்டை இழுத்து விட்டிருக்கிறார்கள். இது பழைய சாவு இல்லை. புதுச் சாவு.

பின்வளவில் தண்ணி மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

கச்சான் காலத்தில் அம்மா பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவது பொழுதுபட்ட பிறகுதான். கிணற்று மோட்டரின் பிளக் பின்சுவரில். என் மேசையின் பிளக் அதே சுவரின் முன்பக்கத்தில், ஒரே வயரில். மோட்டர் புறப்படும்போது அது ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும், ஒரு கணத்துக்கு. நல்ல வயர் என்றால் லைட் ஒருதரம் சிமிட்டுவதோடு போய்விடும். மறுநாள் வயரிங் வேலை செய்கிற அண்ணன் வந்து, மெயினை அணைத்து, என் பிளக் பொயின்ரைக் கழற்றினார். பின்னால் ஒரு ஸ்குரூவைச் சுற்றி பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது. கறுப்பு வயர், அதாவது நியூட்ரல், ஸ்குரூவுக்குள் இறுக்கமில்லாமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. விரலால் தட்டினால் ஆடியது. மோட்டரின் கரண்டும் இந்த ஸ்குரூ வழியாகத்தான் போய் வருகிறது. அவர் அளந்து காட்டினார்: மோட்டர் ஓடும்போது வீட்டு மெயின் போர்டில் 222 வோல்ட், என் பிளக்கில் 198. நம் நாட்டில் 230 க்கு 6 வீதம் கூடக் குறைய இருக்கலாம். 216 வரை கணக்கு. போர்டு வரைக்கும் கரண்ட் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. ஊர்க் கரண்டைத் திட்டிய அத்தனை நாளும் 24 வோல்டை என் வீட்டுச் சுவர்தான் தின்றுகொண்டிருந்தது.

முதல் வியாதி ஏன் எப்போதும் ஏழு ஏழரைக்கு வந்தது என்பதும் அப்போது விளங்கியது. நொண்டிக் குதிரைக்கு மேட்டுப் பாதை. 12 வோல்டின் விளிம்பில் நின்ற பழைய பவர் சப்ளைக்குச் சுவரில் இருந்தும் குறைத்துக் கொடுத்தால் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் அந்த நேரத்தில்தான் மோட்டர்.

புதுப் பிளக் பொயின்ற், மோட்டருக்குத் தனி வயர், தனி பிறேக்கர். கல்முனைக்காரனின் சொத்தைச் சொன்ன திகதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு ஒரு 650 வாட் வாங்க 20,000 ரூபாய்க்கு மேல் போனது. கடையில் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காமல் நேரே திருப்பி, ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைத் தேடினேன். கடைப் பொடியன் ஒரு மாதிரிப் பார்த்தான்.

பழையதைக் காக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கிழமை சும்மா போட்டு வைத்து, உள்ளே மிஞ்சிய கரண்டை வடித்த பிறகுதான் திறந்தார். இதை வீட்டில் யாரும் செய்யவேண்டாம். மெயினைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட் கிடக்கும், கையைத் தூக்கி எறியும். திறந்து எனக்குக் காட்டினார். மூன்று கொண்டன்சரின் தலை, மாவு பொங்கினமாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. பெட்டிக்குள் பாதி இடம் வெறும் காற்று. அந்த மூலையில் இன்னொரு பல்லி முட்டைக் கோது.

இப்போது வாடைக் காலம். மழையும் நுளம்பும். பூமரங்களுக்குத் தண்ணீர் விடவேண்டியதில்லை, தொட்டிக்கு மட்டும் மோட்டர். தனி வயர் போட்டாயிற்று, ஒன்றும் ஆகாது என்று அம்மாவுக்குப் பத்துத் தரம் சொல்லிவிட்டேன். ஆனாலும் சுவிட்சில் கைவைக்குமுன் பின்வளவிலிருந்து ஒவ்வொரு நாளும் குரல் வரும்: "மனே, மோட்டர் போடப்போறன்!"

நானும் கேமை ஒருதரம் சேவ் பண்ணிவிட்டுத்தான், "சரி, போடுங்க" என்பேன்.